எடுப்பு பல்லை சரி செய்யும் 'ஸ்பிரிங்' கிளிப்: வளரும் வயசை தவற விடாதீங்க!

சிரிக்கும்போது கையால் வாயை பொத்திக்கொள்ளும் பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் 'தேங்காய் துருவி' என்று பட்டப்பெயர் வைத்து விடுவார்கள். குரூப் போட்டோ எடுக்கும்போது உதட்டை இழுத்து பல்லை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பார்கள்.

வீட்டில் பெரியவர்கள், "வளர வளர தானா சரியாப் போயிடும்" என்று சொல்லி விட்டு விடுவார்கள். பெண் பார்க்க ஆள் வரும் நேரத்தில்தான் பலருக்கு பல் டாக்டர் ஞாபகமே வருகிறது. அதற்குள் பிள்ளைக்கு 20 வயசு தாண்டி விடும். எலும்பு வளர்ச்சி நின்று போயிருக்கும்.

எடுப்பு பல்லுக்கு வைத்தியம் எந்த வயசிலும் உண்டு. ஆனால் வளரும் வயசில் மட்டுமே முழு பலன் தரும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. அதுதான் வாய்க்குள் நிரந்தரமாக பொருத்தப்படும் 'ஸ்பிரிங்' கருவி. அதை பற்றிய விவரம் வருமாறு:-

பல் எடுப்பா? தாடை பின்னால் போனதா?

மேல் முன்பல் கீழ் முன்பல்லை விட 2 அல்லது 3 மில்லி மீட்டர் முன்னால் இருப்பது சாதாரணம். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் போனால்தான் எடுப்பு.

மேல் பல் முன்பக்கமாக நீட்டிக்கொண்டு இருப்பது ஒரு வகை. கீழ்ப்பல் தெரியாத அளவுக்கு மேல் பல் அதை மூடிக்கொண்டு இருப்பது இன்னொரு வகை. நிறைய பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தை பெற்றோர் கவனிக்க வேண்டும். பார்க்க பல் முன்னால் வந்த மாதிரி இருந்தாலும், பல பிள்ளைகளுக்கு உண்மையில் கீழ்த்தாடைதான் வளர்ச்சி பற்றாமல் பின்னால் நிற்கிறது. மேல் தாடை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும்.

இதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்து கொள்ளலாம். பிள்ளையை பக்கவாட்டில் நிற்க வைத்து, கடைவாய்ப்பல்லை கடித்து உதட்டை மூட சொல்லுங்கள். பிறகு கீழ்த்தாடையை மெதுவாக முன்னால் நீட்டி, முன்பல்லோடு முன்பல் சேருகிற மாதிரி வைக்க சொல்லுங்கள். அப்போது முகம் லட்சணமாக தெரிந்தால் குறை கீழ்த்தாடையில் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லி விடலாம். பல் சீரமைப்பு டாக்டர்களும் முதலில் இப்படித்தான் சோதித்து பார்க்கிறார்கள். அதற்கு பிறகுதான் எக்ஸ்ரே.

தாடையை முன்னால் கொண்டு வந்தால் முகம் இன்னும் துருத்திக்கொண்டு தெரிகிறதா? அப்படியானால் மேல் தாடையோ, இரண்டு வரிசை பல்லுமோ முன்னால் தள்ளி இருக்கலாம். நம்ம ஊர் பக்கம் இரண்டு வரிசையும் எடுப்பாக இருப்பவர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களுக்கு இந்த ஸ்பிரிங் வைத்தியம் சரிப்படாது.

எதனால் வருகிறது?

அப்பா, அம்மா, தாத்தா வழியில் வருவதுதான் முக்கிய காரணம். நாலைந்து வயசை தாண்டியும் விரல் சூப்புவது, கீழ் உதட்டை பல்லுக்கு அடியில் மடித்து கடிப்பது போன்ற பழக்கங்கள் அதை அதிகமாக்கும். மூக்கடைப்பு, மூக்குக்கு பின்னால் சதை வளர்ச்சி காரணமாக எந்நேரமும் வாயால் மூச்சு விடும் பிள்ளைகளையும் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

அழகு மட்டும் பிரச்சினை இல்லை

எடுப்பு பல் என்றால் அழகு சமாச்சாரம் என்று நினைப்பது தவறு. சைக்கிளில் இருந்து விழுந்தாலோ, கபடி ஆடும்போது முட்டி இடித்தாலோ முதலில் அடிபடுவது அந்த பல்தான். உதடு மூடாததால் பல்லுக்கு பாதுகாப்பு கிடையாது.

எடுப்பு 3 மில்லி மீட்டருக்கு மேல் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்பல்லில் அடிபடும் ஆபத்து மற்ற பிள்ளைகளை போல் சுமார் 2 மடங்கு என்று 1999-ல் வெளியான ஒரு ஆய்வு தொகுப்பு சொல்கிறது. உடைந்த பல்லுக்கு வேர் சிகிச்சை, உறை என்று செலவு ஆயுசுக்கும் தொடரும்.

கீழ்ப்பல் மேல் அண்ணத்தில் போய் குத்தி புண்ணாவதும் சிலருக்கு உண்டு.

ஜெர்மன் டாக்டர் செய்த கருவி

கீழ்த்தாடையை முன்னால் தள்ளி நிறுத்தும் நிரந்தர கருவியை முதலில் கொண்டு வந்தவர் ஜெர்மனி நாட்டு பல் டாக்டர் எமில் ஹெர்ப்ஸ்ட். 1900-களின் தொடக்கத்தில் அதை அறிமுகப்படுத்தினார். சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு குழாய், அதற்குள் போய் வரும் ஒரு கம்பி. குழாய் மேல் கடைவாய்ப்பல்லிலும், கம்பி கீழ்ப்பல் வரிசையிலும் பொருத்தப்படும். வாயை மூடினாலே கீழ்த்தாடை முன்னால் வந்துதான் ஆக வேண்டும்.

1934-ல் அவர் இது பற்றி கட்டுரை எழுதினார். அதோடு உலகம் அதை மறந்து போனது. 45 வருஷம் கழித்து, சுவீடன் நாட்டின் மால்மோ நகரில் வேலை பார்த்த ஹான்ஸ் பான்செர்ஸ் என்ற டாக்டர் 1979-ல் அந்த கருவிக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்.

ஹெர்ப்ஸ்ட் கருவி முரட்டு கருவி. வளையாது. அதனால் 1980-களில் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஜாஸ்பர், கம்பிக்கு பதிலாக பிளாஸ்டிக் உறை போட்ட வளையும் ஸ்பிரிங்கை கொண்டு வந்தார். அதற்கு 'ஜாஸ்பர் ஜம்பர்' என்று பெயர். வாயை அசைக்க சவுகரியமாக இருந்தது. ஆனால் அடிக்கடி உடைந்தது.

பிறகு வந்த 'போர்சஸ்', 'பவர் ஸ்கோப்' போன்றவற்றில் ஸ்பிரிங்கும் உண்டு, உள்ளே போய் வரும் கம்பியும் உண்டு. வளைந்து கொடுப்பதும், சீக்கிரம் உடையாததும் இவற்றின் பலம்.

எப்படி வேலை செய்கிறது?

மோட்டார் சைக்கிளின் பின்சக்கர 'ஷாக் அப்சர்பரை' நினைத்துக்கொள்ளுங்கள். அதன் குட்டி வடிவம்தான் இது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என 2 ஸ்பிரிங் பொருத்தப்படும்.

ஸ்பிரிங்கின் ஒரு முனை மேல் கடைவாய்ப்பல்லில் இருக்கும் சிறு குழாயில் மாட்டப்படும். இன்னொரு முனையில் இருக்கும் கம்பி, கீழ் கோரைப்பல் பக்கத்தில் கிளிப் கம்பியில் கொக்கி மாதிரி மாட்டப்படும்.

வாயை மூடும்போது ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய ஸ்பிரிங் விரிய பார்க்கும். அப்போது மேல் கடைவாய்ப்பல்லை பின்னாலும், கீழ்ப்பல் வரிசையை முன்னாலும் தள்ளும். போர்சஸ் ஸ்பிரிங் முழுசாக அமுங்கினால் கொடுக்கும் விசை சுமார் 200 கிராம்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கனம். ஆனால் சாப்பிடும் நேரம், படிக்கும் நேரம், தூங்கும் நேரம் என்று 24 மணி நேரமும் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதில்தான் வேலை நடக்கிறது.

பிள்ளை கழற்ற முடியாது

இதே வேலையை செய்ய கழற்றி மாட்டும் கருவியும் இருக்கிறது. ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் கிளார்க் உருவாக்கிய 'டுவின் பிளாக்' அதில் பிரபலம். மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை. ஒழுங்காக போட்டால் நல்ல பலன் உண்டு.

ஆனால் ஒழுங்காக போடணுமே! பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று கழற்றி பையில் வைத்து விடுவார்கள். சாப்பிடும்போது கழற்றி, பேப்பரில் சுற்றி வைத்து, குப்பையோடு போட்டு விட்டு வந்து நிற்பார்கள்.

இங்கிலாந்தில் 11 முதல் 14 வயசு வரையுள்ள 215 பிள்ளைகளை 2 பிரிவாக பிரித்து சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹெர்ப்ஸ்ட், இன்னொரு பிரிவுக்கு டுவின் பிளாக். 2003-ல் முடிவு வெளியானது. கழற்றி மாட்டும் டுவின் பிளாக் போட்டவர்களில் 100-க்கு சுமார் 34 பேர் சிகிச்சையை முடிக்கவில்லை. கழற்ற முடியாத ஹெர்ப்ஸ்டில் அது சுமார் 13 பேர்தான்.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் தெரிந்தது. ஹெர்ப்ஸ்ட் கருவி அடிக்கடி கழன்று, உடைந்து, ஆஸ்பத்திரிக்கு அதிக தடவை வர வேண்டியதாகி விட்டது. சிகிச்சை முடிந்தவர்களுக்கு இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதாவது, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைக்கு கழற்றும் கருவி போதும். மறந்து போகிற பிள்ளைக்கு ஸ்பிரிங்தான் சரி. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று டாக்டரை விட உங்களுக்குத்தான் தெரியும். டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லி விடுங்கள்.

தாடை எவ்வளவு வளரும்?

இங்கேதான் ஏமாறாமல் இருக்க வேண்டும். "ஸ்பிரிங் போட்டால் தாடை வளர்ந்து விடும்" என்று சொல்வதில் பாதிதான் உண்மை.

பான்செர்ஸ் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், 22 பிள்ளைகளுக்கு 6 மாசம் ஹெர்ப்ஸ்ட் கருவி போட்டதில் எடுப்பு சராசரியாக 5.2 மில்லி மீட்டர் குறைந்தது. அதில் கீழ்த்தாடை நீளம் கூடியது 2.2 மில்லி மீட்டர். கீழ் முன்பல் முன்னால் சாய்ந்தது 1.8 மில்லி மீட்டர். மீதி மற்ற அசைவுகள்.

2016-ல் வெளியான ஆய்வு தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. நிரந்தர கருவிகளால் எலும்பில் வரும் மாற்றம் கொஞ்சம்தான். பெரும் பங்கு பல் நகர்வதால் வருகிறது.

அதற்காக பலன் இல்லை என்று அர்த்தம் இல்லை. எடுப்பு குறைகிறது, உதடு மூடுகிறது, கடி சரியாகிறது. கீழ்ப்பல்லை மேல் பல் ரொம்ப மூடிக்கொண்டு இருப்பதும் குறைகிறது. ஆனால் முகமே மாறி விடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் யோசிக்க வேண்டும்.

எந்த வயசு?

உடம்பு கிடுகிடுவென வளரும் பருவம்தான் சரியான நேரம். பெண் பிள்ளைகளுக்கு சுமார் 11 முதல் 13 வயசு. ஆண் பிள்ளைகளுக்கு சுமார் 13 முதல் 15 வயசு. பால் பல் விழுந்து நிலையான பல் முளைத்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளை பெரிய மனுஷி ஆன பிறகு வளர்ச்சி வேகம் குறைய ஆரம்பிக்கும். அதனால் 6-ம் வகுப்பு சேரும்போதே ஒரு தடவை காட்டி விடுவது நல்லது. பையன்களுக்கு 8-ம் வகுப்பு வரை பொறுக்கலாம்.

பிறந்த தேதியை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவு செய்வதில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பின் வடிவத்தை பார்த்து, இன்னும் வளர்ச்சி மீதி இருக்கிறதா என்று கணக்கு போடுகிறார்கள்.

"அப்போ 8 வயசிலேயே ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. 2018-ல் வெளியான 'காக்ரன்' ஆய்வு தொகுப்பு இதற்கு பதில் சொல்கிறது. சின்ன வயசில் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை என 2 கட்டமாக வைத்தியம் செய்தால், முன்பல்லில் அடிபடுவது குறைகிறது. மற்றபடி, பருவ வயசில் ஒரே தடவையில் செய்வதை விட கூடுதல் லாபம் இல்லை. எனவே பல் ரொம்ப எடுப்பாக, விழுந்து அடிபடும் நிலையில் இருந்தால் சீக்கிரம் காட்டலாம். மற்றவர்கள் பொறுத்திருக்கலாம்.

எத்தனை மாசம் ஆகும்?

முதல் நாளே ஸ்பிரிங் மாட்டி விட மாட்டார்கள். முதலில் எல்லா பல்லிலும் சாதாரண கிளிப் ஒட்டி, கோணல் பல்லை வரிசைக்கு கொண்டு வருவார்கள். அதற்கே பல மாசம் ஆகும். கடைசியில் கனமான எவர்சில்வர் கம்பி போட்ட பிறகுதான் ஸ்பிரிங். மெல்லிசான கம்பியில் மாட்டினால் கீழ்ப்பல் கண்டபடி சாய்ந்து விடும்.

ஸ்பிரிங் வாயில் இருப்பது சுமார் 6 மாசம். சிலருக்கு கூடுதலாகும். முன்பல்லும் முன்பல்லும் முனையோடு முனை சேரும் அளவுக்கு கொஞ்சம் அதிகமாகவே கொண்டு போவது உண்டு. கழற்றிய பிறகு கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் இந்த ஏற்பாடு. அதற்கு பிறகு கிளிப் வைத்து கடியை சரி பார்ப்பார்கள். மொத்தம் 2 வருஷம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

எல்லாம் கழற்றிய பிறகு 'ரிட்டெய்னர்' என்னும் பிடிப்பு கம்பி போட வேண்டும். அதை போடாமல் விட்டால் பல் பழைய இடத்துக்கு நகர ஆரம்பித்து விடும். பட்ட பாடு எல்லாம் வீண்.

முதல் வாரம் கஷ்டம்தான்

ஸ்பிரிங் மாட்டிய முதல் சில நாள் கடைவாய்ப்பல் வலிக்கும். மெல்ல முடியாது. கன்னத்தின் உள்பக்கம் உரசி புண் வரும். பேச்சு கொஞ்சம் குழறும். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் பழகி விடும்.

அந்த நாட்களில் இட்லி, ரசம் சாதம், கஞ்சி, கூழ், தயிர் சாதம் கொடுக்கலாம். உரசும் இடத்தில் டாக்டர் தரும் மெழுகை உருட்டி ஒட்டினால் வலி குறையும். வெதுவெதுப்பான உப்பு தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம்.

ஸ்பிரிங் இருக்கும் வரை கவனிக்க வேண்டியவை:-

* கரும்பு கடிப்பது, முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், எலும்பு கடிப்பது, பபிள்கம் கூடாது. கொய்யா, மாங்காயை சின்ன துண்டாக நறுக்கி கொடுங்கள்.

* கொட்டாவி விடும்போது வாயை 'ஆ' என்று அகலமாக திறக்க கூடாது. உள்ளே இருக்கும் கம்பி ஸ்பிரிங்கை விட்டு வெளியே வந்து விடும். அப்படி வந்தால் எப்படி திரும்ப நுழைப்பது என்று மாட்டும் அன்றே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

* கழன்ற கம்பியை வீட்டில் குறடு வைத்து வெட்ட கூடாது. துண்டு தொண்டைக்குள் போய் விடும். மெழுகு ஒட்டி, உடனே ஆஸ்பத்திரிக்கு போங்கள்.

* சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்து, காலை, இரவு இரண்டு வேளையும் பல் துலக்க வேண்டும். கிளிப்பை சுற்றி அழுக்கு தேங்கினால் பல்லில் வெள்ளை தழும்பு விழும். கிளிப்பை கழற்றினாலும் அந்த தழும்பு போகாது.

* ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங் உடைந்தால் "இன்னொரு பக்கம் இருக்கே" என்று விட கூடாது. கடி கோணலாகி விடும்.

யாருக்கு ஆகாது?

கீழ் முன்பல் ஏற்கனவே வெளியே சாய்ந்து இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஸ்பிரிங் அதை இன்னும் சாய்த்து விடும். கீழ் முன்பல் ஈறு மெலிசாக இருந்தால் ஈறு இறங்கும் ஆபத்தும் உண்டு. பல் சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் முதலில் அதை சரி செய்ய வேண்டும்.

எந்த கிளிப் போட்டாலும் பல் வேரின் நுனி கொஞ்சம் கரைவது உண்டு. பெரும்பாலும் அதனால் தொந்தரவு வராது.

வயசு தாண்டியவர்களுக்கு வழி அடைத்து விடவில்லை. மேலே 2 பல்லை எடுத்து விட்டு, அந்த இடத்துக்குள் முன்பல்லை இழுக்கலாம். பல் உள்ளே போகும், ஆனால் தாடை பின்னால் இருந்த இடத்திலேயே இருக்கும். தாடை ரொம்ப பின்னால் இருந்தால் ஆபரேஷன் செய்து எலும்பையே முன்னால் நகர்த்தலாம். மயக்க மருந்து, ஆஸ்பத்திரியில் படுக்கை, செலவு என்று அது பெரிய காரியம். 12 வயசில் ஸ்பிரிங்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை சிலருக்கு இப்படித்தான் ஆபரேஷன் வரை போகிறது.

எங்கே போகலாம்?

பி.டி.எஸ். முடித்தவர் பல் டாக்டர். அதற்கு மேல் 3 வருஷம் பல் சீரமைப்பு பிரிவில் எம்.டி.எஸ். படித்தவர்தான் கிளிப் ஸ்பெஷலிஸ்ட். இந்த ஸ்பிரிங்கை அவரிடம் போட்டுக்கொள்வதே நல்லது. போர்டில் எம்.டி.எஸ். என்று இருந்தால் மட்டும் போதாது. எந்த பிரிவில் எம்.டி.எஸ். என்று தயங்காமல் கேளுங்கள்.

தனியார் கிளினிக்கில் செலவு அதிகம். கூலி வேலை செய்பவர்கள் அரசு பல் மருத்துவ கல்லூரிகளில் விசாரிக்கலாம். சென்னையில் கோட்டை ரெயில் நிலையம் அருகில் 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒன்று. புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று திறக்கப்பட்டது. தனியார் பல் மருத்துவ கல்லூரிகளிலும் கிளினிக்கை விட குறைந்த செலவில் பார்ப்பது உண்டு.

ஆரம்பிக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. மொத்த செலவு எவ்வளவு? ஸ்பிரிங் உடைந்தால் அதற்கு தனி காசா? ரிட்டெய்னர் அதில் சேர்ந்ததா? எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை வரணும்?

கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம். பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும். அதனால் பாதியில் நின்று விடுபவர்கள் உண்டு. ஸ்பிரிங்கை வாயில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருப்பது, போடாமலே இருப்பதை விட மோசம். கம்பி தள்ளிக்கொண்டே இருக்கும், பார்க்க ஆள் இருக்காது. அழுக்கு சேர்ந்து பல் சொத்தையாகும்.

வேலை விஷயமாக வெளியூர் போக வேண்டி வந்தால் டாக்டரிடம் சொல்லி, எக்ஸ்ரே, சிகிச்சை விவர சீட்டை வாங்கிக்கொண்டு போங்கள். போகிற ஊரில் இன்னொரு டாக்டர் தொடர அது உதவும். தொடரவே முடியாது என்றால் கழற்றி விட சொல்லுங்கள்.

பிள்ளையை கேலி பேச்சுக்கு விட்டு விட்டு "தானா சரியாகும்" என்று காத்திருந்தால், பல் தானாக உள்ளே போகாது. வளர்ச்சிதான் நின்று போகும். இந்த முழு ஆண்டு பரீட்சை லீவில் ஒரு நாள் ஒதுக்கி காட்டி விடுங்கள். "இப்போது ஒன்றும் வேண்டாம், அடுத்த வருஷம் வாங்க" என்று டாக்டர் சொன்னால், அந்த அடுத்த வருஷத்தை மறக்காமல் காலண்டரில் குறித்து வையுங்கள்.